இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தவர் என்ன செய்ய வேண்டும்?

நான் 22 ஆண்டுகள் இலங்கை இராணுவத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கே பழகிய பழக்கத்தின்படி, சொல்ல வந்ததை முதல் பந்தியிலேயே சொல்லிவிடுகிறேன். உத்தியோகக் கடிதம் ஒன்று நல்லதா என்பதை அதை எழுதியவரின் மொழி வளத்தைக் கொண்டு அளக்க முடியாது. அதைக் கையில் வாங்கியவருக்கு, அடுத்து தாம் செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்ததா? அது ஒன்றே அளவுகோல். இதை எனக்கு ஒரு பெரியவர் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தார். ஆனாலும் ஒரு தாய் என் முன்னால் வந்து நின்ற பிறகுதான் அது என் மனதில் தைத்தது. தமிழில் வரும் அரசாங்கக் கடிதம் ஒன்றைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாயை நினைத்துக்கொள்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொழும்பு கொம்பனித்தெருவில், ரைபிள் வீதியிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. அந்த வீதியின் பெயரே ஒரு படையின் நினைவு. பிரித்தானியர் காலத்தில் மலாய் வீரர்கள் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் படை அந்தப் பக்கத்தில்தான் தங்கியிருந்தது. படை கலைக்கப்பட்டு நூறாண்டு கடந்த பின்னரும், அங்கிருந்த பல மலாய்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் பொலிசிலோ இராணுவத்திலோ இருந்தார். நாங்கள் மலாய்க்காரர் அல்லர்; தமிழ் பேசும் முஸ்லிம்கள். வாப்பா புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். விரல்களில் ஒரு தொழில் இருந்தால் பசி வராது என்று சொல்லி, மருதானையில் ஒரு தட்டச்சு வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். 1984இல் நான் இராணுவத்தில் சேர்ந்தபோது உம்மா மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அது எப்படிப்பட்ட காலம் என்பது வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தின் வழக்கை இங்கே தீர்க்க நான் வரவில்லை. நான் அறிந்தது காகிதம். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என்னைப் பயிற்சி முடிந்ததும் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிரதம எழுதுவினைஞராக இருந்தவர்தான் நான் சொன்ன பெரியவர்: ஒரு மலாய்க்காரர், வொரண்ட் அதிகாரி, எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வீட்டில் மலாய், அதிகாரிகளுடன் சிங்களம், தட்டச்சில் ஆங்கிலம், என்னுடன் தமிழ். நான்கு மொழியிலும் குறைவாகப் பேசுவார்.

நான் எழுதிய முதல் கடிதம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பழுதான இரண்டு தட்டச்சு இயந்திரங்களைத் திருத்தித் தரும்படி கேட்கும் கடிதம். நான்கு பந்தி எழுதினேன். இயந்திரங்கள் எந்த ஆண்டு வாங்கப்பட்டன, எத்தனை முறை பழுதாகின, அதனால் வேலை எப்படித் தாமதமாகிறது என்று ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்து, முடிவில் பணிவாக ஒரு வேண்டுகோள். எனக்கு அது அழகான கடிதமாகத் தோன்றியது. அவர் வாசித்தார். மேசையில் வைத்தார்.

“தம்பி, இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தவர் என்ன செய்ய வேண்டும்?”

“இயந்திரங்களைத் திருத்தித் தர வேண்டும், சேர்.”

“அது எங்கே இருக்கிறது?”

நான்காம் பந்தியைக் காட்டினேன்.

“அவருடைய மேசையில் இன்னும் முப்பது கடிதம் இருக்கிறது. நான்காம் பந்திவரை அவர் வருவார் என்று உனக்கு யார் சொன்னது?”

நான்காம் பந்தியை முதல் பந்தியாக்கினேன். மற்ற மூன்றில் இரண்டு தேவையற்றுப் போயின. எஞ்சிய ஒன்றில் இயந்திரங்களின் இலக்கமும், அவை எந்த அறையில் இருக்கின்றன என்பதும், எவரிடம் சாவி இருக்கிறது என்பதும் சேர்ந்தன. முதலில் எழுதிய நான்கு பந்தியிலும் அந்த மூன்று விவரமும் இருக்கவில்லை. அது என்னை வெகுவாகப் பாதித்தது. அத்தனை வாக்கியம் எழுதியும், திருத்த வருபவருக்குத் தேவையானதை நான் எழுதவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கற்றேன். இராணுவக் கடிதத்தில் எல்லாப் பந்திகளுக்கும் இலக்கம் இடுவார்கள். உட்பிரிவுகளுக்கு எழுத்து. அலங்காரத்துக்காக இது செய்யப்படுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் இரைச்சல் நிறைந்த தொலைபேசியில் தூரத்து முகாம் ஒன்றிலிருந்து ஒருவர் “பந்தி 4, உட்பிரிவு ஆ, அதில் 40 என்று இருக்கிறதா 14 என்று இருக்கிறதா?” என்று கேட்டபோது அந்த இலக்கத்தின் அருமை புரிந்தது. இருவரும் ஒரே வரியில் விரல் வைத்துப் பேச முடிகிறது. எத்தனை பேர் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்ற கேள்வியில் 40க்கும் 14க்கும் இடையே 26 வயிறு இருக்கிறது.

திகதியும் அப்படித்தான். 3/4 என்று எழுதினால் ஒருவருக்கு அது ஏப்ரல், இன்னொருவருக்கு மார்ச். மாதத்தின் பெயரை எழுத வேண்டும். நள்ளிரவு 12 மணி என்று எழுதவே கூடாது. “14ஆம் திகதி நள்ளிரவு” என்றால் 13 முடிந்து 14 தொடங்கும் நள்ளிரவா, 14 முடியும் நள்ளிரவா? ஒரு நாள் முழுவதும் பிசகிவிடும். ஆகவே 2359 அல்லது 0001 என்று எழுதுவோம். இரவைக் குறிக்க வேண்டுமானால் 14/15 இரவு என்று இரண்டு திகதியையும் சேர்த்து எழுதுவோம்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இந்த நாட்டுக்கே உரியது. 1996 மே 25ஆம் திகதி, மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக, இலங்கையின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணி நேரம் பின்னால் வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. ஒரே தீவில் இரண்டு நேரம். எல்லை தாண்டிச் செல்லும் எந்தக் காகிதத்திலும் “காலை 8 மணி” என்று மட்டும் எழுதினால் அது அரைகுறையான செய்தி. உணவு லொறி எப்போது புறப்படும், நோயாளியை எப்போது அழைத்து வருவார்கள் என்ற எல்லாவற்றிலும் “எந்த நேரம்?” என்ற கேள்வி ஒட்டிக்கொண்டது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் நாடு, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது. நான் ஓய்வு பெற்றதும் அந்த ஆண்டுதான்.

பிரித்தானிய முறையில் பயின்ற படைகளின் கட்டளைகளில் ஊர்ப்பெயர்களைப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்வது வழக்கம். கண் ஓடும்போது ஊர் தனியே தெரியும். தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை. நான் தமிழில் குறிப்பு எழுதும்போது ஊர்ப்பெயரின் கீழே கோடிடுவேன். இன்றுவரை, கல்யாண வீட்டுக்கு வழி எழுதிக் கொடுத்தாலும் ஊர்ப்பெயருக்குக் கீழே கோடு விழுந்துவிடுகிறது.

தமிழுக்கு மட்டுமே உரிய ஆபத்து ஒன்றையும் அங்கேதான் கண்டுபிடித்தேன். தந்திச் செய்திகளில், “அல்ல” என்ற சொல் தவறிப்போனால் பொருளே தலைகீழாகும் என்பதற்காக ஆங்கிலத்தில் அதை இரண்டு முறை எழுதுவார்கள். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. “அனுப்ப வேண்டும்”, “அனுப்ப வேண்டாம்.” இரைச்சலில் கேட்டுப் பாருங்கள். ஓரெழுத்து வித்தியாசம், அதுவும் வாக்கியம் முடிந்து குரல் தாழும் இடத்தில். ஆகவே தொலைபேசியில் தமிழில் செய்தி சொல்ல நேர்ந்தால் “வேண்டாம்” என்ற சொல்லை நம்பாதே என்று எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன். “லொறியை நிறுத்தி வையுங்கள்” என்பேன். அதைத் தவறாகக் கேட்க வழியில்லை.

இனி அந்தப் பெரியவர் எனக்குப் போரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம். எழுதுவினைஞர்களுக்கு அவர் வேறு போர்க்கதை சொன்னதில்லை. ஒருநாள் மதிய உணவுக்குப் பிறகு, கோவைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரு மலை செய்தார். மேசையின் கோடியில் காபன் தாள் பெட்டி ஒன்று, மலைக்கு அப்பால் முத்திரை மைப்பெட்டி ஒன்று; இரண்டும் ரஷ்யர்களிடம் இருந்த பீரங்கிகள். மலையின் உச்சியில் ஒரு குண்டூசியைக் குத்தினார். அதுதான் ரக்லன் பிரபு, பிரித்தானியத் தளபதி. பிரித்தானியர் ரஷ்யர்களுடன் மோதிய கிரிமியப் போர். ஊர் பலக்லாவா. நாள் 25 ஒக்டோபர் 1854. கீழே பள்ளத்தாக்கில் இன்னொரு குண்டூசி, குதிரைப்படையின் தலைவர் லூக்கன் பிரபு.

மேலே நின்றவருக்கு எல்லாம் தெரிந்தது. தம்மிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் மேட்டிலிருந்து இழுத்துச் செல்ல முயல்வது தெரிந்தது. உடனே ஒரு கட்டளை சொன்னார். அருகிலிருந்த அதிகாரி அதைப் பென்சிலால் எழுதினார். குதிரைப்படை விரைவாக முன்னால் செல்ல வேண்டும், எதிரியைப் பின்தொடர வேண்டும், பீரங்கிகளைக் கொண்டுபோவதைத் தடுக்க முயல வேண்டும். உடனடி. கப்டன் நோலன் அதைக் கொண்டு சரிவில் குதிரையைப் பாய்ச்சினார்.

“இப்போது கீழே வந்து பார்,” என்று என் தலையை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினேன். கோவை மலைக்கு அப்பால் இருந்த மைப்பெட்டி தெரியவில்லை. காபன் பெட்டி மட்டும் நேரே, பள்ளத்தாக்கின் முடிவில் தெரிந்தது. லூக்கனுக்கும் மேட்டுப் பீரங்கிகள் தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை காட்டிய திசையில் இருந்தது ரஷ்யர்களின் முழுப் பீரங்கி வரிசை. 600க்கும் மேற்பட்ட குதிரைவீரர்கள் அதை நோக்கிச் சென்றார்கள். 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். பிறகு அவரிடம் எதையும் கேட்க முடியவில்லை.

அந்தக் கட்டளை நீளமானதல்ல. சுருக்கமாக எழுதினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் காகிதம் பதில். சுருக்கம் இருந்தது, எந்தப் பீரங்கி என்பது இல்லை. எழுதியவர் தாம் நின்ற இடத்திலிருந்து எழுதினார். வாசித்தவர் வேறு இடத்தில் நின்றார். மேசை மட்டத்தில் தலையைச் சாய்த்து நான் பார்த்த அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவேயில்லை. எதை எழுதினாலும் ஒரு கணம் கீழே இறங்கிப் போய், வாசிப்பவரின் கண்ணளவில் நின்று, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்பேன்.

இப்படி உயிரைக் கொடுத்துப் படித்த பாடங்களிலிருந்துதான் பின்னாளில் படைக் கட்டளைகளுக்கு ஐந்து தலைப்புகள் கொண்ட வடிவம் நிலைபெற்றது. நிலைமை, பணி, நிறைவேற்றும் முறை, நிர்வாகமும் வழங்கலும், கட்டளையும் தொடர்பும். வாய்மொழியாகக் கட்டளை வழங்கும்போது “பணி” என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை வாசிப்பார்கள். மற்ற எல்லாம் மறந்தாலும் அது மறக்கக் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வரிசை மாறாது என்பது. களைத்துப்போய், மழையில், சிறு வெளிச்சத்தில் வாசிக்கும் ஒருவன், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை நான்காம் தலைப்பில் தேடலாம். வடிவம் என்பது வாசிப்பவரின் களைப்பை மதிப்பது.

அலுவலக அலுமாரியின் உட்புறத்தில், ரோணியோ என்ற நகலெடுக்கும் இயந்திரத்தில் எடுத்த ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. 9 ஒகஸ்ட் 1940இல் பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தம் அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பிய குறிப்பு. நாம் வாசிக்க வேண்டிய காகிதங்கள் ஏராளம், அநேகமாக எல்லாமே அளவுக்கு மீறி நீளம், முக்கியமானதைத் தேடுவதில் சக்தி வீணாகிறது, விவரங்களை இணைப்பில் சேருங்கள் என்பது அதன் சாரம். சர்ச்சிலைப் பற்றி, குறிப்பாக வங்காளப் பஞ்சத்தை நினைக்கும்போது, எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் பிரித்தானிய வானத்தில் விமானப் போர் நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஒரு தலைவர் உட்கார்ந்து பந்திகளின் நீளத்தைப் பற்றி எழுதினார் என்றால், அது சின்ன விஷயமாக இருக்க முடியாது. அமெரிக்க இராணுவத்தின் கடித விதிகளும் இதையே சொல்கின்றன: முடிவை முதலில் எழுது, ஒரே விரைவான வாசிப்பில் புரிய வேண்டும்.

பெரியவர் என்னிடம் மிகக் கோபப்பட்டது பிரதிகளைப் பற்றித்தான். இராணுவச் செய்தியில் பெறுபவர்கள் இரண்டு வகை. நடவடிக்கைக்கு ஒருவர், தகவலுக்கு மற்றவர்கள். நம் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் புழங்குகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்: “தகவலுக்காகவும் தேவையான நடவடிக்கைக்காகவும்.” அதை நான் ஐந்து பேருக்கு அனுப்பிய ஒரு கடிதத்தின் அடியில் தட்டச்சு செய்தேன். அவர் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, சத்தமிடவில்லை. “ஐந்து பேரில் யார் செய்வார்?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் மற்ற நால்வரில் ஒருவர் செய்வார் என்றிருப்பார்கள் என்றார். “எல்லோருக்கும் என்று எழுதினால், ஒருவருக்கும் எழுதவில்லை.” ஐந்து பெயரில் ஒன்றை நடவடிக்கைக்கு என்று மேலே எழுதும்வரை அவர் என்னை வீட்டுக்குப் போக விடவில்லை. அன்று மஃரிப் தொழுகை தவறி, இஷாவுடன் சேர்த்துத் தொழுதேன்.

இவ்வளவும் கற்றேன். கற்ற பிறகும் தவறினேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமை இல்லை.

1992 என்று நினைவு. அப்போது நான் கோப்ரல், வேறோர் அலுவலகத்தில். தினமும் பல கடிதங்கள் வரைவேன். ஒருநாள் வாசலிலிருந்து அழைப்பு வந்தது: தமிழ் மட்டும் பேசும் ஒரு தாய் வந்திருக்கிறார், யாராவது வர முடியுமா? போனேன். கிழக்கு மாகாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளை முக்காடு. கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் மடித்த ஒரு கடிதம். மகன் படையில் இறந்திருந்தான். மணமாகாதவன். பெற்றோருக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். வந்த பதில் சிங்களத்தில் இருந்தது. ஊரில் ஒருவர் வாசித்துக் காட்டினாராம், ஆனால் அவருக்கும் விளங்கவில்லையாம். இது மூன்றாவது பயணம். முதல் இரண்டு முறையும் வாசலில் யாரும் தமிழ் பேசவில்லை. “பதில் வரும்” என்று சைகையில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

கடிதத்தை வாங்கி அவருக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். “தங்கள் விண்ணப்பம் தொடர்பாகச் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்கள் பரிசீலிக்கப்பட்டதில், அவற்றில் காணப்படும் முரண்பாடுகள் நிவர்த்தி செய்யப்படும் வரை மேலதிக நடவடிக்கை எடுக்க இயலாதுள்ளது என்பதை அறியத்தருகிறேன்.”

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கேட்டார்:

“அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும், மகன்?”

கடிதத்தின் மேல் மூலையில் இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்தின் இறுதியில், வரைந்தவரின் பெயரெழுத்துகளைச் சிறிதாகத் தட்டச்சு செய்வது வழக்கம். அவை என் பெயரெழுத்துகள்.

அந்தக் கடிதத்தை எழுதிய நாள் எனக்கு நினைவில்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது. ஒரு தாயை மூன்று முறை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அலைய வைத்த வாக்கியம் எனக்கு ஒரு சாதாரண நாளின் ஒரு சாதாரணத் தாள். பெரியவரின் கேள்வியை நான் அந்த ஒரு தாளிடம் கேட்கவில்லை. அந்த அம்மா கேட்டார், ஏறக்குறைய அதே சொற்களில்.

கோவையை எடுத்துப் பார்த்தேன். முரண்பாடு என்ன தெரியுமா? மகனின் பெயரில் வரும் முஹம்மது என்பது பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், படையில் சேர்ந்தபோது பதிந்த பதிவில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி போதும். அவர் ஊரிலேயே ஒரு சமாதான நீதவானிடம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. இதற்கு மூன்று இரவுப் பஸ்.

அவரை வாங்கில் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தட்டச்சில் தமிழ் இல்லை. கையால் எழுதினேன்.

“1. உங்களுக்கு இந்தக் கொடுப்பனவு கிடைக்க இன்னும் ஒரு காகிதம் வேண்டும்.

2. மகனின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசி ஒன்றை உங்கள் ஊர்ச் சமாதான நீதவானிடம் பெறுங்கள். எழுத வேண்டிய வாசகம் இதனுடன் இருக்கிறது.

3. அதைப் பதிவுத் தபாலில் கீழே உள்ள விலாசத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் கொழும்புக்கு வரத் தேவையில்லை.”

கீழே என் பெயரையும் பதவியையும் எழுதினேன். என் அதிகாரி சிங்களவர். தமிழ் வாசிக்கத் தெரியாதவர். நடந்ததைச் சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிங்களப் பிரதி ஒன்றை எழுதச் சொல்லி, இரண்டிலும் கையொப்பமிட்டார். அடுத்த மாதம் பதிவுத் தபால் வந்தது. நடவடிக்கை தொடர்ந்தது. அந்த அம்மா மறுபடி கொழும்புக்கு வரவில்லை. அந்த முதல் மூன்று பயணங்களும் என் கணக்கில் இருக்கின்றன.

அன்றிலிருந்து தமிழில் எழுதும் உத்தியோகக் கடிதங்களைப் பற்றி ஓயாமல் யோசித்து வந்திருக்கிறேன். வினை கடைசியில் வருவதால் தமிழில் கட்டளையும் அறிக்கையும் தெளிவாக எழுத முடியாது என்று படித்தவர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். செய்தேன், செய்தார், செய்தோம், செய்வீர்கள். ஒரே சொல்லுக்குள் செய்தவர் யார் என்பது இருக்கிறது. ஆங்கிலம் இரண்டு சொல்லில் சொல்வதை நம் வினைமுற்று தன் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறது. அந்த வாலை வெட்டுவது நாம்தான். “படும்” என்று ஒரு கத்தி வைத்திருக்கிறோம். பரிசீலிக்கப்படும். அறிவிக்கப்படும். நடவடிக்கை எடுக்கப்படும். யார் பரிசீலிப்பார்? யார் அறிவிப்பார்? தமிழ் இயல்பாகச் சொல்ல வந்த ஒன்றைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்துகிறோம். சில இடங்களில் செயப்பாட்டு வினை தேவைதான்; செய்தவர் தெரியாத இடத்தில், செய்தவர் முக்கியமில்லாத இடத்தில். செய்ய வேண்டியவர் நாமாக இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது ஒளிந்துகொள்வது.

இது நம் பழைய மரபும் அல்ல. சோழர் செப்பேடுகளில் அரசனின் வாய்மொழி ஆணை எழுத்தாகும் வழி வெளிப்படையாகத் தெரியும். திருமந்திர ஓலை எழுதியவர் யார், ஓலை நாயகமாக இருந்து அதை ஒப்பியவர் யார், வரிக் கணக்கில் பதிந்தவர்கள் யார் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். கல்வெட்டின் முடிவில் “இவை என் எழுத்து” என்று ஒருவர் பொறுப்பேற்பார். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓலை பிடித்தவருக்கு இருந்த துணிவு, கணினி முன்னால் அமர்ந்திருக்கும் நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

என் தங்கையின் மகள் பாடசாலையில் படித்த காலத்தில் அவளைக் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1911இல் காலியில் கிடைத்தது. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்து நாட்டியது. அதில் பொறித்த ஆண்டு 1409. ஒரு படைத்தளபதி கொண்டுவந்த உத்தியோக ஆவணம், மூன்று மொழியில். சீன மொழியில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில், தெய்வந்துறையில் இருந்த திருமாலுக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால். பொன் 1,000, வெள்ளி 5,000 என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. மூன்று வாசகர்களில் ஒவ்வொருவரும் தமக்கு எழுதப்பட்டதாகவே அதை வாசித்திருப்பார்கள். மருமகள் கண்ணாடிக்கு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, தமிழ் எழுத்து ஒன்றிரண்டை இனம் கண்டு துள்ளினாள். நான் அந்தப் பொலித்தீன் பையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் இப்போது அரசாங்க மொழிபெயர்ப்பாளர். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சொல்கிறது. அந்த ஒரு வரியை நடைமுறையாக்கும் வேலை அவளைப் போன்றவர்களின் மேசையில் இருக்கிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, ஒரு கடித வரைவைத் தொலைபேசியில் காட்டினாள். காணாமற்போன ஆவணம் ஒன்றுக்காக விண்ணப்பித்தவர்களுக்குச் செல்ல வேண்டிய கடிதம். “உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படாதவிடத்து விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.”

“எந்த ஆவணங்கள், மகள்?” என்று கேட்டேன்.

“மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது, மாமா. மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக எதையும் சேர்க்க முடியாது. இல்லாததை எழுதினால் என் மேல்தான் பிழை வரும்.”

அவள் சொல்வது நியாயம். அதை நான் மறுக்கவில்லை. பிழை மூலத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அதைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆனால் மூலத்தை எழுதியவர் அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே இருக்கிறார். அவரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன். பெரியவரின் கேள்வியை அவளுக்குச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தேன். மரியாதையாக, குற்றம் சொல்லாமல் கேட்கும் விதத்தில்.

இரண்டு வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை இரவு, இஷா முடிந்து வரும்போது, புதிய வரைவை அனுப்பியிருந்தாள். ஒழுங்கையின் விளக்குக்குக் கீழே நின்று வாசித்தேன். பந்திகளுக்கு இலக்கம் இருந்தது. முதல் பந்தியில் மூன்று ஆவணங்களின் பெயர். இரண்டாம் பந்தியில் “நீங்கள் அனுப்ப வேண்டும்” என்றும், எந்தத் திகதிக்கு முன் என்றும். மூன்றாம் பந்தியில் “சந்தேகம் இருந்தால் அழையுங்கள்” என்று எழுதி, இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் இட்டிருந்தாள்.

“யாருடைய இலக்கம்?” என்று கேட்டு அனுப்பினேன்.

நான் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பதில் வந்திருந்தது. புள்ளிகள் இருந்த இடத்தில் தன் மேசைத் தொலைபேசியின் இலக்கத்தை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, தன் பெயர்.